டம்மி டக்: தொப்பை ஆபரேஷன் வந்த கதை

ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டி தெரியும்ல? ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்யுற ஊரு. அங்கே தறி ஓட்டுற ஒரு அக்கா ஓபிக்கு வந்தாங்க (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்). ரெண்டு சிசேரியன். சின்னவனுக்கு நாலு வயசு.

"ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ல ஏறுனா மாசமா இருக்கேன்னு நினைச்சு சீட்டு குடுக்குறாங்க சார். துணி கட்டுனேன், பெல்ட் போட்டேன், நடந்தும் பாத்துட்டேன். டம்மி டக்னு சொல்றாங்களே, அது சினிமாக்காரங்க பண்றதுதானே?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் இருக்கலாம். அதான் இந்தத் திரி.

இந்த ஆபரேஷன் அழகுக்காகப் பிறந்ததே இல்லைங்க. 1899-ல அமெரிக்காவோட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில ஹோவர்ட் கெல்லி இதைப் பத்தி எழுதினார். அவர் பிளாஸ்டிக் சர்ஜன் கிடையாது, மகப்பேறு மற்றும் பெண்கள் நோய் மருத்துவர். ஒரு பெண்ணோட வயித்துல இருந்து அவர் எடுத்த தோலும் கொழுப்பும் 7,450 கிராம்! தொங்குற வயிறுன்னா நடக்க முடியாது, மடிப்புல வேர்த்துப் புண்ணாகும், இடுப்பு வலிக்கும். அந்த அவஸ்தைக்குத்தான் கத்தி எடுத்தாங்க.

அப்போல்லாம் பெரும்பாலும் தொப்புளும் சேர்ந்தே போயிரும். அதைக் காப்பாத்தணும்ங்கிற யோசனை 1900-களின் தொடக்கத்துல பிரான்ஸ்ல வந்தது. தொப்புளைத் தனியா விட்டு, தோலை இழுத்து, புது இடத்துல அதைப் பொருத்துற முறையை வெர்னான் 1957-ல எழுதினார்.

1967-ல பிரேசிலின் இவோ பிடாங்கி 300 ஆபரேஷன்களின் அனுபவத்தை வெளியிட்டார். தழும்பு உள்ளாடைக்குள்ள மறையுற மாதிரி கீழே வெட்டுனார். 'அழகு ஆபரேஷன்'ங்கிற பேரு ஒட்டிக்கிட்டது இந்தக் காலத்துலதான். அதே பிடாங்கி ரியோவில் ஏழைகளுக்கு இலவச வார்டும் நடத்துனாருங்கிறதை யாரும் சொல்றதில்ல.

சரி, உள்ளே என்ன நடக்குது? வயித்துக்கு நடுவுல மேலிருந்து கீழா ரெண்டு பட்டைத் தசை இருக்கு. கர்ப்பத்துல அது ரெண்டும் விலகும். பலருக்குத் தானா கூடிரும், சிலருக்குக் கூடாது. மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்குங்க. நடுவுல மேடு மாதிரி புடைச்சா விலகல் இருக்கலாம். துணி கட்டுனா தாங்கலா இருக்கும், தசை சேராது. முறையான பயிற்சியில பலருக்குக் குறையும். குறையாதவங்களுக்கு டம்மி டக்ல அந்தத் தசையை இழுத்துத் தைச்சுருவாங்க. பாக்கித் தோல் போயிரும். எடை குறைக்கிற ஆபரேஷன் இது இல்ல. இன்னொரு குழந்தை வேணும்னா அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.

இப்போ முக்கியமான பகுதி: அதுக்கப்புறம்.

கெல்லி எழுதின அதே 1899-ல சிகாகோவில் எமில் ரீஸ், வயித்து ஆபரேஷன் ஆனவங்களைச் சீக்கிரம் எழுப்பி நடக்க விடுங்கன்னு சொன்னார். யாரும் கேக்கல. அதுக்கப்புறமும் பல வருஷம் நோயாளியை வாரக்கணக்கா படுக்க வச்சாங்க. படுத்தே இருந்தா கால் நரம்புல ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனா உயிர் போகும். உறைதலைத் தடுக்கிற ஹெப்பாரினை 1916-ல கண்டுபிடிச்சதும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்லதான், மெக்லீன்ங்கிற மருத்துவ மாணவர்.

அதனால இன்னைக்கு மறுநாளே எழுப்பி நடக்க வைப்போம். முதல் வாரம் குனிஞ்சுதான் நடக்கணும், நிமிர்ந்தா தையல் இழுக்கும். நீர் வடிய டியூப் சில நாள் இருக்கும். பெல்ட் ஆறு வாரம் வரை. தொப்புளுக்குக் கீழே மரத்துப்போறது பல மாசம் இருக்கலாம். கெண்டைக்கால்ல ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்குனாலோ, விடியட்டும்னு இருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்னாடியே புகையை நிறுத்தணும், இல்லைன்னா தோல் கருகும்.

அந்த அக்காவுக்குப் பாத்தப்போ, தசை விலகலோட தொப்புள்ல குடலிறக்கமும் இருந்தது. அது அழகுக் கணக்குல வராது. நான் எம்பிபிஎஸ், இதைச் செய்யுறவன் இல்ல. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு எழுதிக் குடுத்தேன்.

"எத்தன நாள்ல தறிக்குப் போகலாம் சார்?"

"கனம் தூக்குற வேலைன்னா ஆறு வாரமாவது ஆகும்க்கா."

"வெளிய வீட்டுக்காரரு நிக்கிறாரு. இதை நீங்களே சொல்லிருங்க."

கூப்பிட்டுச் சொன்னேன்.