நாவலரவர்கள் வகுத்த போதனாமுறை

யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் (1822 - 1879) சைவப்பிள்ளைகளுக்கென வகுத்த போதனாமுறை, பாதிரிமார் பாடசாலைமுறையைப் பார்த்துச் செய்ததேயன்றி வேறன்று என்பாரும் உளர். அக்கூற்றிலே ஒருபால் உண்மையுண்டு. மற்றொருபால் ஆராயப்படாது கிடக்கின்றது.

உண்மையாகிய பகுதியை மறைத்தல் வேண்டா. நாவலரவர்கள் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்து, பார்சிவல் பாதிரியார் விவிலியத்தை மொழிபெயர்த்தபோது உடனிருந்து உதவியவர். மாணாக்கரை வகுப்பு வகுப்பாகப் பிரித்தலும், யாவர் கையிலும் ஒரே அச்சுப்புத்தகத்தைக் கொடுத்தலும் அங்கே கண்டனவே. 1848-ஆம் ஆண்டிலே அவ்வுத்தியோகத்தையும் அதன் வேதனத்தையும் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபொழுது, கண்ட நன்மையை அயலாரது என்று தள்ளினாரல்லர். 1849-ஆம் ஆண்டிலே அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குச் சென்றதும், பின்னர்ப் பாலபாடங்களை வெளியிட்டதும் இக்கருத்துப்பற்றியே. அப்பாலபாடங்களின் வசனத்திலே, இளஞ்சிறார் இடர்ப்படாதவாறு சந்தியைப் பெரும்பாலும் பிரித்தும், நிறுத்தக்குறிகளை இட்டும் எழுதினார். திண்ணைப்பள்ளியிலே பொருளறியாது உருப்போட்டுப் பொருளைப் பின்னர் அறிந்த பிள்ளை, இங்கே வாசிக்கும்பொழுதே பொருளுணர்ந்தது. ஆயினும் நெட்டுருப் பண்ணுதலை அவர் ஒழித்தாரென்று கொள்ளற்க; ஆத்திசூடி முதலியவற்றை உரையுடன் பதிப்பித்தமையே அதற்குச் சான்று.

இனி, சைவவினாவிடை. வினாவும் விடையுமாகச் சமயம் போதித்தல் கிறிஸ்தவர் வழக்கென்பது சித்தாந்த சாத்திரங்களை எண்ணாதார் கூற்று. மனவாசகங்கடந்தார் அருளிய உண்மைவிளக்கம் மாணாக்கன் வினாவ ஆசிரியர் விடுப்பதாக அமைந்தது. உமாபதிசிவாசாரியர் தம் ஞானாசிரியரை நோக்கி வினாவிய வினாக்களே வினாவெண்பாவாயின. பாதிரிமாரது சிறுபுத்தகத்திலே கண்டது புறவடிவே. நாவலரவர்களுக்கு மூலம் வீட்டிலேயே இருந்தது.

இதனினும் நோக்கத்தக்கது அந்நூலின் வைப்புமுறை. முதற்புத்தகத்திலே கடவுளியல், புண்ணியபாவவியல், விபூதியியல், சிவமூலமந்திரவியல், நித்தியகருமவியல், சிவாலயதரிசனவியல், தமிழ்வேதவியல் என்பன உள்ளன. பதியியல், பசுவியல், பாசவியல் என்னும் பகுப்பு இரண்டாம் புத்தகத்திலேதான் தொடங்குகின்றது. சித்தாந்தத்தின் உயிராகிய முப்பொருளை முதலிலே வையாது பிற்படவைத்தது என்னையெனின், நீறணியவும் ஆலயஞ்சென்று தொழவும் பழகாத குழந்தைக்கு ஆணவத்தின் இலக்கணம் உரைத்தல் வீண்சொல்லாகும் என்பது கருதியென்க. சரியை முன்னாக ஞானம் ஈறாக ஆகமங்கள் வகுத்த சோபானமே இங்கே பாடக்கிரமமாயிற்று. இக்கிரமத்தை எந்தப் பாதிரியாரிடத்தும் அவர் கற்றிருத்தல் இயலாது. இரண்டு புத்தகங்களையும் ஒருங்கே திணித்துப் பரீட்சைக்கு விடைமாத்திரம் ஒப்பிக்கச் செய்வோர், நூலாசிரியர் செய்த உழைப்பிற் பாதியை அழிக்கின்றனர்.

ஆசிரியரைத் தேடியதிலும் பழைய நெறியே நின்றது. தம்மிடத்து உயர்ந்த நூல்களைக் கற்ற மாணாக்கரையே கீழ்வகுப்புக்களுக்கு உபாத்தியாயராக்கினார். பவணந்தியார் சமணரேயாயினும் நன்னூற் பாயிரம் சைவமடங்களிலே பெரிதும் போற்றிப் பயிலப்படுவது. ஆசிரியரிடத்துக் கேட்டலால் கல்வியிற் காற்கூறும், உடன்பயில்வாரோடு பழகலாற் காற்கூறும், பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் வருமென்று அது கூறும். அதற்குக் காண்டிகையுரை கண்ட நாவலரவர்கள் அவ்விதியை வித்தியாசாலையிலே நடத்திக்காட்டினார். வேதனத்துக்குப் பொருளில்லாக் குறையும் ஒருவாறு நீங்கிற்று. நல்லூர்ச் சதாசிவப்பிள்ளையவர்கள் இவ்வாறு பழுத்தவர்களுள் ஒருவர். குருவின் மறைவுக்குப்பின் அச்சியந்திரசாலையும் பாடசாலைகளும் அவர் பொறுப்பிலே நடந்தன.

பொருட்குறையோ இறுதிவரை தீரவில்லை. வீடுதோறும் பிடியரிசி தண்டியும் வித்தியாசாலையைக் காத்தனர். 1864-ஆம் ஆண்டிலே சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுந்தது. ஆங்கிலங் கற்கவேண்டிப் பிள்ளைகள் மதம் மாறுதலைக் கண்டு, 1872-ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையொன்றையும் நாவலரவர்கள் தொடங்கினார். செல்வமுடைய சைவர் பலரிருந்தும் வேண்டுமளவு பொருள் சேராமையால், அது சில ஆண்டுகளுள், அவர் வாழ்நாளிலேயே, மூடப்பட்டது.