ஆயா எடுத்த சிகாகோ

2007-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு சின்ன ஏலக்கடை. வாடகை பாக்கி விழுந்த சேமிப்பு அறைகளில் இருந்த சாமான்களை அங்கே பெட்டி பெட்டியாக ஏலம் விட்டார்கள். பழைய பொருட்களோடு நிறைய நெகடிவ்களும் இருந்தன. ஜான் மாலூஃப் என்ற இளைஞர் சுமார் 400 டாலர் கொடுத்து ஒரு பெரிய பெட்டியை எடுத்தார். உள்ளே ஏறத்தாழ 30,000 நெகடிவ்கள்! தன் பகுதியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த வரலாற்றுப் புத்தகத்துக்குப் பழைய படங்கள் ஏதாவது கிடைக்குமா என்றுதான் அவர் வாங்கினார். தேவைப்பட்டது ஒன்றும் கிடைக்கவில்லை, எனவே பெட்டியை ஓரமாக வைத்துவிட்டார். வேறு சிலரும் அதே ஏலத்தில் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிப் போனார்கள்.

அந்தப் படங்களை எடுத்தவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். அதே நகரில்தான் இருந்தார். பெயர் விவியன் மையர். வயது 81.

அவர் பத்திரிகைப் புகைப்படக்காரர் அல்ல. ஸ்டூடியோ வைத்தவரும் அல்ல. பணக்காரர் வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக சுமார் நாற்பது ஆண்டுகள் வேலை செய்தவர். படம் எடுப்பதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. ஆனால் 1950-களிலிருந்து 1990-கள் வரை ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்திருக்கிறார். "யாருக்கும் தெரியாமல் வாழ்ந்த மேதை" என்று உலகமே அவரை இன்று கொண்டாடுகிறது. ஆனால் அந்தக் கதையில் ஒரு விஷயம் அடிபட்டுப் போகிறது. ஆயா வேலை அவருடைய கலைக்குத் தடையாக இருந்ததாகப் பலரும் எழுதுகிறார்கள். படங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. அந்த வேலைதான் அவரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது!

முதலில் அவருடைய பின்னணி. 1926 பிப்ரவரி 1 அன்று நியூயார்க்கில் பிறந்தார். தாய் பிரான்சு நாட்டுக்காரர், தந்தை ஆஸ்திரியர். பெற்றோர் விரைவிலேயே பிரிந்துவிட்டார்கள். 1930-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் தாயும் மகளும் ழான் பெர்த்ராங் என்ற பெண்மணியின் வீட்டில் இருந்தது தெரிகிறது. இந்தப் பெர்த்ராங் ஒரு புகைப்படக் கலைஞர். நான்கு வயதுக் குழந்தை அவரிடம் என்ன கற்றிருக்கும் என்று கேட்கலாம். எதுவும் கற்றிருக்க வேண்டியதில்லை. ஒரு பெண் கேமராவைப் பிடித்துப் பிழைக்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்தாலே போதுமே. சிறுவயதில் சில ஆண்டுகள் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், ஷான்சோர் பள்ளத்தாக்கில் வளர்ந்தார். இளம்பெண்ணாக மறுபடி அங்கே போனபோது ஒரு சாதாரணப் பெட்டிக் கேமராவால் மலைகளையும் ஊர்க்காரர்களையும் எடுத்தார். 1951-இல் நியூயார்க் திரும்பி ஆயா வேலையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு கைக்கு வந்தது ரோலிஃப்ளெக்ஸ் கேமரா.

இந்தக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். ரோலிஃப்ளெக்ஸ் இரட்டை லென்ஸ் கொண்டது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. அதைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை. கழுத்தில் மாட்டி வயிற்றுக்கு நேராகத் தொங்கவிட்டு, தலையைக் குனிந்து மேலே உள்ள கண்ணாடித் திரையைப் பார்க்கவேண்டும். திரையில் இடது வலமாகவும் வலது இடமாகவும் தெரியும். நடந்துபோகிற ஒருவரைத் தொடர வேண்டுமானால் கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்று புதிதாகப் பிடிப்பவர்களுக்குத் தலை சுற்றும். ஆனால் பழகியவருக்கு அதில் ஒரு பெரிய வசதி உண்டு. எதிரே நிற்பவருக்குத் தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்றே தோன்றாது. குனிந்து எதையோ தேடுகிற பெண் என்றுதான் நினைப்பார். பொத்தானை அழுத்தினாலும் 'டப்' என்று பெரிய சத்தம் வராது. இன்னொன்று, கேமரா வயிற்று உயரத்தில் இருப்பதால் பெரியவர்கள் சற்றே கீழிருந்து பார்த்ததுபோலக் கம்பீரமாகத் தெரிவார்கள். மையர் எடுத்த ஏழைகளும் குடிகாரர்களும்கூடச் சிறுத்துப் போகாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தைகளுக்கோ அது நேருக்கு நேர் உயரம்.

ஒரு சுருளில் 12 படம்தான். பிலிம் வாங்கவேண்டும், கழுவவேண்டும், எல்லாம் ஆயா சம்பளத்தில். அதனால் ஒரு காட்சிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் அழுத்தியிருக்கிறார். அவருடைய சுருள்களை வரிசையாகப் பார்த்தவர்கள் வியப்பது இதைத்தான். பத்து எடுத்து ஒன்றைத் தேர்வு செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை.

1956-இல் சிகாகோவுக்கு வந்தார். நகரின் வடக்கே மிச்சிகன் ஏரிக்கரையில் ஹைலண்ட் பார்க் என்ற வசதியான புறநகர் இருக்கிறது. அங்கே ஜென்ஸ்பர்க் குடும்பத்தின் மூன்று பையன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பத்தாண்டுக்கும் மேலாக அங்கே இருந்தார். அவருக்கென்று தனிக் குளியலறை கிடைத்தது. அதையே இருட்டறை ஆக்கிக்கொண்டார்!

இனி அவருடைய உலாக்கள். சிகாகோவின் நடுப்பகுதி அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். விடுமுறை நாளில் தனியாகவும், மற்ற நாட்களில் பையன்களை இழுத்துக்கொண்டும் கிளம்பிவிடுவார். மற்ற ஆயாக்கள் குழந்தைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார்கள். இவர் காட்டு ஸ்ட்ராபெர்ரி பறிக்கக் கூட்டிப்போவார், ஏழைகள் வாழும் தெருக்களுக்குக் கூட்டிப்போவார், இறைச்சிக்காக ஆடுமாடுகளை அடைத்துவைக்கும் தொழுவங்களுக்கும் கூட்டிப்போவார். பணக்காரப் பிள்ளைகள் உலகத்தைப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். கூடவே தன் வேலையும் நடக்கும். ஐம்பதுகளில் ஒரு பெண் தன்னந்தனியாகக் கேமராவோடு சந்துகளில் நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கையில் குழந்தையோடு நிற்கும் பெண்ணை யார் கேட்கப்போகிறார்கள்? தொளதொள கோட்டு, ஆண்கள் போடுவதுபோன்ற காலணி, பெரிய தொப்பி, வேகமான நடை. அவரை நினைவு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் சொல்கிற அடையாளம் இது.

அந்த நடைகளில் அவர் கண்ணில் பட்டவை என்ன? ஸ்டேட் தெருவில் உரோமக் கோட்டுப் போட்ட சீமாட்டிகள், பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிறவர்கள், அழுது வடிந்த கன்னத்தோடு பிள்ளைகள், கால்வலியில் காலணியைக் கழற்றுகிற பாட்டிகள், பேருந்து ஜன்னலில் சாய்ந்த தலைகள், இடிக்கப்படுகிற கட்டடங்கள். ஒரு கடைக்கண்ணாடி கிடைத்தால் தன் பிம்பம், சுவர் கிடைத்தால் தன் நிழல். பெரிய மனிதர்களும் திறப்பு விழாக்களும் பத்திரிகைகளில் பதிவாகிவிடும். சந்தையில் பழைய செருப்பு பேரம் பேசுகிறவர் எங்கே பதிவாவார்?

மாக்ஸ்வெல் தெருச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தேறிய யூதர்களும், தெற்கிலிருந்து பிழைக்க வந்த கறுப்பர்களும் கடை போட்ட இடம் அது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதும், தெருவோரம் ப்ளூஸ் இசை முழங்கும். பல்கலைக்கழக விரிவாக்கத்துக்காக 1994-இல் அந்தப் பழைய சந்தையை அங்கிருந்து அகற்றினார்கள். மாட்டுத் தொழுவங்கள் அதற்கு முன்பே, 1971-இல் மூடப்பட்டன. மையர் நடந்த சிகாகோவில் பாதியை இன்று போய்ப் பார்க்க முடியாது.

1959-இல் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாக உலகம் சுற்றப் புறப்பட்டார். பிலிப்பைன்சு, தாய்லாந்து, இந்தியா, எகிப்து, இத்தாலி என்று போனார். அங்கேயும் தெருதான், மனிதர்கள்தான். திரும்பி வந்து அதே வீட்டில் அதே பையன்களைப் பார்த்துக்கொண்டார்.

அவர் வெறும் அழகுக்காகப் படம் எடுத்தவர் அல்ல என்பதற்கு இன்னும் சான்றுகள் உண்டு. செய்தித்தாள்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்தார். தலைப்புச் செய்திகளையே படம் எடுத்தார். 1968-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது சிகாகோ கொந்தளித்த நாட்களிலும் கேமராவோடு வெளியே இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் நகரத்தில் ஒரு பெண் கொலையானபோது, செய்தியில் படித்த இடங்களுக்குப் போய் சினிமாக் கேமராவில் பதிவு செய்தார். அதிபர் நிக்சன் சிக்கலில் இருந்தபோது ஒலிப்பதிவுக் கருவியை நீட்டி, கடையில் நிற்கிறவர்களிடம் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஏதாவது கருத்து இருக்கவேண்டுமே என்று அவர்களை விடாமல் பிடிப்பார். ஒரு நிருபர் செய்கிற வேலை இது. வெளியிடத்தான் பத்திரிகை இல்லை.

அவரைத் தேவதையாக்கவும் தேவையில்லை. ஜென்ஸ்பர்க் பிள்ளைகள் அவரை இரண்டாவது தாய்போல நினைத்தார்கள். ஆனால் பிற்காலத்தில் வேறு வீட்டில் அவரிடம் வளர்ந்த ஒருவர், சாப்பிடாவிட்டால் அடித்துத் திணித்ததாகச் சொல்லியிருக்கிறார். கடைகளில் பொய்ப் பெயர் கொடுப்பார். அறைக்குப் பூட்டுப் போடச் சொல்வார். வயது ஏற ஏறப் பொருட்களைச் சேர்க்கும் பழக்கம் முற்றிப்போனது. ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது ஏறத்தாழ 200 பெட்டிகளோடு வந்து இறங்கினாராம்!

ஜென்ஸ்பர்க் வீட்டைவிட்டு வந்ததும் இருட்டறை போயிற்று. இதுதான் பெரிய திருப்பம். எழுபதுகளில் லைக்கா கேமராவுக்கும் வண்ணப் பிலிமுக்கும் மாறினார். எடுப்பது நிற்கவில்லை, கழுவுவதுதான் நின்றது. கழுவாத சுருள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. தான் எடுத்ததைத் தானே பார்க்காமல் எடுத்துக்கொண்டே இருந்தார். இதைப் பைத்தியம் என்று சிலர் சொல்கிறார்கள். கையில் காசு இல்லாதவர் பிலிமுக்கா, கழுவுவதற்கா எதற்கு முதலில் செலவழிப்பார் என்று யோசித்தால் அவ்வளவு விசித்திரமாகப் படாது.

கடைசிக் காலத்தில் வறுமை. அவர் வளர்த்த ஜென்ஸ்பர்க் பையன்களே வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தார்கள். ஆனால் சேமிப்பு அறைகளின் வாடகை பாக்கி விழுந்தது. அப்படித்தான் 2007 ஏலம் நடந்தது. அடுத்த ஆண்டு குளிர்காலத் தொடக்கத்தில் பனியில் வழுக்கி விழுந்தவர் பிறகு எழவில்லை. 2009 ஏப்ரல் 21 அன்று இறந்தார். மாலூஃப் ஓர் உறையின் மேல் எழுதியிருந்த பெயரை வைத்து இணையத்தில் தேடியபோது கிடைத்தது, சில நாட்களுக்கு முன் வெளியான மரண அறிவிப்பு.

அதன்பின் நடந்தது வேகமான கதை. அந்த ஆண்டே மாலூஃப் சில படங்களை இணையத்தில் போட்டார். உலகம் வியந்தது. 2011-இல் சிகாகோவிலேயே பெரிய கண்காட்சி, தொடர்ந்து புத்தகங்கள், 2013-இல் ஆவணப்படம், அதற்கு ஆஸ்கர் பரிந்துரை. அச்சுப்படங்கள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோயின.

அப்போதுதான் ஒரு கேள்வி கிளம்பியது. நெகடிவை வாங்கியவருக்குப் படத்தின் உரிமையும் வந்துவிடுமா? அமெரிக்கச் சட்டப்படி வராது. நெகடிவ் ஒரு பொருள், அதை யாரும் வாங்கலாம். பதிப்புரிமை எடுத்தவருக்கு, அவருக்குப் பின் வாரிசுக்கு. மையர் உயில் எழுதவில்லை, திருமணமும் இல்லை. அவருடைய ஒரே அண்ணன் 1977-இலேயே இறந்துவிட்டார். மாலூஃப் பிரான்சில் ஒரு தூரத்து உறவினரைக் கண்டுபிடித்துப் பணம் கொடுத்து உரிமை பெற்றிருந்தார். 2014-இல் ஒரு வழக்கறிஞர் வேறொரு உறவினரைக் கொண்டுவந்து நிறுத்தினார். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. சிகாகோ அடங்கிய குக் மாவட்ட நிர்வாகம் மையரின் சொத்துக்குப் பொறுப்பேற்றது. 2016-இல் மாலூஃபுடன் சமரசம் ஏற்பட்டது, விவரங்கள் வெளியிடப்படவில்லை. நெகடிவ் வைத்திருந்த இன்னொருவர் இந்தச் சிக்கலைப் பார்த்துத் தன்னிடம் இருந்ததைக் கனடாவின் டொரண்டோ நகரக் கலைக்கூடம் ஒன்றுக்கு விற்றுவிட்டார். ஒருவர் எடுத்த படங்கள் இப்படித்தான் பல கைகளில் சிதறின.

உயிரோடு இருக்கும்போது யாருக்கும் காட்டவே விரும்பவில்லை என்கிறார்களே, அது சரியா? பிரான்சில் தனக்குத் தெரிந்த புகைப்படக் கடைக்காரருக்கு அவர் எழுதிய ஒரு கடிதம் கிடைத்திருக்கிறது. தன்னிடம் நல்ல படங்கள் குவிந்திருப்பதாகவும், இத்தனை தூரத்தில் இருந்தாலும் அவரே அச்சடித்துத் தர முடியுமா என்றும் கேட்கிறார். எந்தத் தாளில் அச்சடிக்கவேண்டும் என்பதுவரை அதில் பேச்சு. தன் வேலையின் தரம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

தானே அச்சிட்டவற்றிலும் ஒரு செய்தி இருக்கிறது. இன்று கண்காட்சிகளில் தொங்கும் மையர் படங்கள் பெரும்பாலும் நெகடிவின் முழுச் சதுரமாகவே அச்சிட்டவை. ஆனால் அவர் தன் கையால் அச்சிட்டபோது பல படங்களின் ஓரங்களை வெட்டியிருக்கிறார். கூட்டத்தை நீக்கிவிட்டு ஒரே ஒரு ஆளை மட்டும் நெட்டுக்குத்தாக நிறுத்துவார். நாம் ரசிக்கும் அந்தச் சதுரம் பல இடங்களில் அவர் விரும்பிய படம் அல்ல. 2017-இல் மாலூஃப் இப்படிப்பட்ட பழைய அச்சுப்படங்கள் சுமார் 500-ஐச் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தார், பிறகு இன்னும் பல சேர்ந்தன. படங்களின் பதிப்புரிமை, எடுத்தவர் இறந்து எழுபது ஆண்டு என்ற கணக்கில், 2079 வரை நீடிக்கும்.