படப்பை வளர்த்த பண்பாடு

தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் வழியில் படப்பை என்றோர் ஊர் உண்டு. இன்று ஊர்ப்பெயராக மட்டுமே நம்மில் பலர் அறிந்துள்ள இச்சொல், சங்கப் பாடல்களில் மனையையும் ஊரையும் ஒட்டிய தோட்டத்தைக் குறிப்பது. கொல்லை என்னும் சொல்லின் கதையோ வேறு. இன்று வீட்டின் பின்புறத்தைச் சுட்டும் அது, அன்று முல்லை நிலத்துப் புன்செயைச் சுட்டியது. ஒரு சொல் வழக்கொழிந்தது. மற்றொன்று காட்டை விட்டு வீட்டுப்புறம் வந்து சேர்ந்தது. இவ்விரு சொற்களுக்கும் இடையே தமிழர்தம் மனைத்தோட்டத்தின் நெடிய வரலாறு அடங்கியிருக்கிறது.

அரசர்தம் பொழில்களைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று பாண்டியன் ஒருவன் பெயரிலேயே அரசர்க்குரிய சோலை இடம்பெற்றுள்ளது. கோயில் நந்தவனங்களுக்கு நிலம் விடப்பட்ட செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. எளியோர் வீட்டுத் தோட்டத்திற்கோ கல்வெட்டு இல்லை, காவலனும் இல்லை. எனினும் இலவந்திகை இன்று பெயரளவில் நிற்க, வீட்டுத் தோட்டம் உயிரோடு நிற்கிறது. இதன் காரணம் யாது?

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை இதற்கு விடை தருகிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் அந்நூல், தோட்டக்குடிகளின் தனிமனைகளைக் காட்டுகிறது. தென்னையின் காய்ந்த மடல் வேய்ந்த கூரை, மஞ்சள் வளரும் முற்றம், மணங்கமழும் படப்பை. இவற்றுள் மஞ்சளின் இயல்பை எண்ணிப் பார்ப்போம். தை மாதத்தில் அதன் இலை பழுத்துச் சாயும். செடி மடிந்தது போலத் தோன்றும். ஆயினும் மண்ணுக்குள் கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கும். மழை கண்டதும் மீண்டும் முளைவிடும். பொங்கற் பானையில் மஞ்சள் கொத்தைக் கட்டும் வீட்டார், ஒரு துண்டுக் கிழங்கை மண்ணிலேயே விட்டுவைத்தால் போதும். அடுத்த ஆண்டும் முற்றம் பசுமை கொள்ளும்.

தாவர நூலார் செடிகளை ஒருபருவத்தன, பல்பருவத்தன என்று பகுப்பர். தமிழர் மனைத்தோட்டம் பெரும்பாலும் பல்பருவத் தாவரங்களால் ஆனது. முல்லை, மல்லிகை, பவழமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி, நொச்சி, கறிவேப்பிலை, தூதுவளை, பிரண்டை, சேம்பு, வாழை என அந்நிரை நீளும். ஆண்டுதோறும் விதைக்க வேண்டிய தொல்லை இல்லை. கிணற்றடியிலும் அடுக்களைப் புறத்திலும் வழியும் கழுநீரே வாழைக்கும் சேம்புக்கும் பாய்ச்சல். மார்கழியில் மல்லிகையைக் கவாத்துச் செய்தால் பங்குனியில் அது அரும்பு கட்டும். எஞ்சிய பணியைக் கதிரவனும் மழையும் பார்த்துக்கொள்ளும். செடிக்கு ஆணையிடாமல், அது வளரும் போக்கிலேயே விட்டு மகிழும் தோட்டம் இது.

நிலைத்து நிற்பதனால் இத்தாவரங்கள் வேறொரு தகுதியையும் பெற்றன, அவை உறவாயின. நற்றிணையில் ஒரு பாடல். சிறுமியர் விளையாட்டாக மணலில் புதைத்த விதை புன்னையாக முளைத்தது. நெய்யும் பாலும் பெய்து வளர்க்கப்பட்ட அம்மரத்தை, உன் தங்கை என்று தாய் மகளிடம் கூறினாள். அதனால் அம்மரநிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள் அவள். குறுந்தொகையில் கொல்லன் அழிசி பாடிய பாட்டிலோ, ஊர் உறங்கிய நள்ளிரவில் வீட்டருகே நொச்சிப்பூ உதிரும் ஓசை கேட்டு உறங்காதிருக்கிறாள் ஒருத்தி. ஒரு பருவம் பூத்து மடியும் செடியைத் தங்கை என்று சொல்ல இயலுமா? ஆண்டுகள் பல உடனிருந்தால்தானே உறவு பிறக்கும்? தலைமுறை தழைப்பதற்கு வாழையடி வாழை என்று நாம் கூறும் உவமையும் கொல்லைப்புறத்தில் விளைந்ததே.

இவ்வுறவுக்குள் அயலாரும் வந்து சேர்ந்தனர். 1498-இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டை அடைந்தபின் திறந்த கடல்வழியே அமெரிக்கத் தாவரங்கள் பல இந்நாடு புகுந்தன. பப்பாளியும் கொய்யாவும் அந்திமந்தாரையும் அக்கண்டத்திற்கு உரியவை. நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. நம் வீட்டு வேலியோரம் கேட்பாரற்றுப் பூக்கும் அச்செடியிலிருந்துதான் 1950-களின் பிற்பகுதியில் புற்றுநோய்க்கு மருந்தாகும் பொருள் கனடாவில் பிரித்தெடுக்கப்பட்டது. வந்த செடி எந்நாட்டது என்று நம் பாட்டிமார் வினவவில்லை. வேர் பிடித்ததா என்றே பார்த்தனர். பிடித்தபின் அதற்குத் தமிழ்ப்பெயர் சூட்டினர்.

தலைநகரில் வாழும் நம் கண்முன் மற்றொரு தோட்டமரபும் உள்ளது. கார்த்திகையில் நட்ட நாற்று மாசியில் வண்ணக்கடலாய்ப் பொங்கிச் சித்திரை வெயிலில் மாய்ந்துவிடும். அவ்வழகை நாம் குறை கூறவில்லை. ஆயின் இவ்வாறு ஆண்டுதோறும் நட்டுக் களையும் முறைக்கு எதிராக இங்கிலாந்திலேயே குரல் எழுந்தது என்பது அறியத்தக்கது. கண்ணாடி வீடுகளில் வளர்த்த செடிகளைக் கம்பளக் கோலம் போல் நட்ட விக்டோரியா காலப் பெருந்தோட்டங்களை, வில்லியம் ராபின்சன் 1870-இல் வெளியிட்ட நூலில் மறுத்தெழுதினார். தானே வளர்ந்து நிலைக்கும் செடிகளை இயல்பாக விடுக என்பது அவர் கொள்கை. கெர்ட்ரூட் ஜீக்கில் அம்மையார் அவ்வழியில் புகழ்பெற்றார். இருவரும் பாடம் கற்றது எளிய குடியானவர்தம் குடிசைத் தோட்டங்களில். அவ்வம்மையாருக்கு வீடு கட்டித் தந்த இளைஞரே, பிற்காலத்தில் புதுதில்லியை வடிவமைத்த லட்யன்ஸ். எந்நாட்டிலும் அறிஞர் தேடிச் சென்றடைந்த உண்மையை ஏழையின் வீட்டுப்புறம் முன்னரே காத்து வந்தது எனலாம்.

இன்று அவ்வீட்டுப்புறம் அருகி வருகிறது. முற்றங்கள் சிமெண்டால் மூடப்படுகின்றன. மண்ணைத் தொடாத மாடிகளில் நாம் வாழ்கிறோம். படப்பை மறைந்தால் பூவும் காயும் மட்டும் மறைவதில்லை. பதியம், போத்து, பாத்தி, கவாத்து முதலிய சொற்களும் மறையும். செடியை உறவாகக் காணும் கண்ணும் மறையும்.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. தில்லிக் குளிரில் இலையுதிர்த்து நின்ற கறிவேப்பிலை பங்குனியில் துளிர்ப்பதைத் தமிழர் வீடுகளில் காண்கிறோம். முருங்கையின் பிறப்பிடம் இமயத்தின் அடிவாரம் என்பர் தாவரவியலார்; தெற்கிலிருந்து போத்துக் கொணர்ந்து இங்கு நடுகின்ற தமிழர், அதனைத் தாய்வீட்டுக்கு அருகே கொண்டுவந்து விடுகின்றனர்! மனைத்தோட்டம் ஊர்விட்டு ஊர் சென்றது பெரும்பாலும் விலைக்கு அன்று, கொடையால். கறிவேப்பிலையின் வேரில் எழும் பக்கக்கன்று அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கிருந்து மல்லிகைப் பதியம் ஒன்று நம் வீட்டுக்கு வரும்.

ஆகவே, ஓரடி மண்கொண்ட தொட்டியேனும் உடையோர் நிலைத்து வாழும் செடி ஒன்றை அதில் ஊன்றுக. அது தழைத்தபின் ஒரு கிளையை அடுத்தவர்க்கு ஈக. கல்வெட்டில்லாத இவ்வரலாறு இதுகாறும் எழுதப்பட்டு வந்தது இவ்வாறே. இனி எழுதப்பட வேண்டியதும் இவ்வாறே.