மேடை வெளிச்சத்தில் குணம் தெரியுமா?



எதிரணி நண்பர் அடிச்சுச் சொன்னார்: "ரெண்டு தலைவர்களை நேருக்கு நேர் பேசவிடுங்க, குணம் தானா வெளியே வந்துடும்!" கேட்க நல்லாத்தான் இருக்கு. வரலாறு என்ன சொல்லுது?

1960 செப்டம்பர் 26. அமெரிக்காவின் சிகாகோ நகரம். ஜனாதிபதி தேர்தலில் நிற்கும் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் மோதுகிறார்கள். சுமார் 7 கோடி பேர் பார்க்கிறார்கள். நிக்சன், முழங்காலில் சீழ்பிடிச்சு ஆஸ்பத்திரியில் கிடந்து, இளைச்சுப்போய் வந்து நிற்கிறார். முகமெல்லாம் வியர்வை. கென்னடியோ மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கார்! (சிரிப்பு)

பார்த்தவங்களுக்கு யார் தெம்பானவராத் தெரிஞ்சிருப்பார்? ஆனால் உண்மை என்ன? நிக்சனுக்கு வந்தது ஆறிப்போகிற புண். கென்னடிக்கு இருந்ததோ, அட்ரினல் சுரப்பியைப் பாதிக்கும் அடிசன் நோய். ஆயுள் முழுக்க மருந்து வேணும். அதை அவர் தரப்பு மக்களிடம் மறைத்தது.

சரி, முகத்தை விடுங்க. பேச்சையாவது நம்பலாமா? அக்டோபர் 21, நாலாவது விவாதம். கியூபாவில் காஸ்ட்ரோவை எதிர்ப்பவர்களுக்கு உதவணும் என்கிறது கென்னடி தரப்பு. "இது ஆபத்தான யோசனை" என்று நிக்சன் சீறுகிறார். ஆனால் அவர் துணை ஜனாதிபதியாக இருந்த அரசே அந்த ஆட்களுக்கு ரகசியமாகப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது! அந்தத் திட்டத்தை ஆதரித்தவர் அவர். ரகசியம் காக்கவே மாற்றிப் பேசினேன் என்று 1962-ல் தன் புத்தகத்தில் அவரே எழுதினார். (கைதட்டல்)

அப்போ குணம் எங்கே தெரிந்தது? 1961-ல் கியூபப் படையெடுப்பு படுதோல்வி அடைந்தபோது, "பொறுப்பு என்னுடையது" என்று கென்னடி ஏற்றுக்கொண்டார். அங்கே தெரிந்தது. வாட்டர்கேட் விசாரணையைத் தடுக்க நிக்சன் தன் அறையில் பேசியது ஒலிநாடாவில் சிக்கி, 1974 ஆகஸ்ட் 9-ல் பதவி விலகினாரே, அங்கே தெரிந்தது.

மேடையில் சமயோசிதம் தெரியும், சொல்வன்மை தெரியும், மறுக்கவில்லை. ஆனால் தாய்மார்களே, பெண் பார்க்க வந்த அன்னைக்கு மாப்பிள்ளை அழகாப் பேசினார் என்பதற்காகவா பொண்ணைக் கொடுக்கிறோம்? அவர் தெருவில் நாலு வீட்டில் விசாரிக்கிறோம் இல்லையா? ஒரு பொண்ணுக்கே அவ்வளவு பார்க்கிற நாம், நாட்டையே ஒப்படைக்கும்போது பேச்சை மட்டும் பார்த்தால் போதுமா? விசாரியுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.