விரிவுரையாளருக்கு ஒரு வகுப்பறை: கல்விப் பணியாளர் கல்லூரிகள் உருவான வரலாறு

சென்னை மாகாணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வருபவர் முதலில் கற்பிக்கும் முறையைப் பயின்றிருக்க வேண்டும் என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வேரூன்றிவிட்டது. 1856இல் வேப்பேரியில் அரசு நார்மல் பள்ளியாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் சைதாப்பேட்டைக்கு மாற்றப்பட்ட ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அக்கருத்தின் நிலைத்த வடிவமாக விளங்கியது. அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே எல்.டி. எனப்பட்ட பயிற்சிப் பட்டம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரின் அடையாளமாகியிருந்தது. கல்லூரி ஆசிரியரிடம் இத்தகைய பயிற்சி எதுவும் கேட்கப்படவில்லை. முதுகலைப் பட்டத்தில் நல்ல வகுப்பில் தேறியவர், ஒரு பாடவேளையைக்கூட எவர் முன்னிலையிலும் நடத்திக் காட்டாமலேயே, பணியில் சேர்ந்த நாளிலிருந்து முழுப் பணிச்சுமையையும் ஏற்று வகுப்புக்குச் செல்லலாம். பாடத்தை அறிந்தவர் அதைச் சொல்லித்தரவும் வல்லவராகவே இருப்பார் என்ற நம்பிக்கை இதற்கு அடிப்படையாக இருந்தது. ஆசிரியராகத் தக்கவர் யார், தகாதவர் யார், பாடம் சொல்லும் முறை யாது என்பவற்றையெல்லாம் தனித்தனியே வரையறுக்கும் நன்னூலின் பொதுப்பாயிரத்தைத் தமிழ் விரிவுரையாளர்கள் ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கி வந்தபோதிலும், அந்த அளவுகோலை அவர்கள்மீது வைத்துப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை என்பது இவ்வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்று.

இந்நிலைக்குப் பல்கலைக்கழகங்களின் அமைப்பே முதற்காரணம். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இருந்தன. கற்பித்தல் முழுவதும் இணைப்புக் கல்லூரிகளின் பொறுப்பு. 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் கல்லூரிகளை ஆய்வு செய்யும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகங்களுக்கு அளித்த பின்னரும், ஆய்வுக்கு வந்தவர்கள் கட்டடம், நூலகம், ஆசிரியர் எண்ணிக்கை, அவர்தம் பட்டங்கள் ஆகியவற்றைச் சரிபார்த்தார்களே தவிர, வகுப்பறைக்குள் நடப்பதை அளக்க அவர்களிடம் தேர்வு முடிவுகளைத் தவிர வேறு கருவி இருக்கவில்லை.

விடுதலைக்குப் பிந்தைய முதல் பெரும் மதிப்பீடு, சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமைக்கப்பட்டு அடுத்த ஆண்டே அறிக்கை அளித்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவினுடையது; சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் அதன் உறுப்பினர்களுள் ஒருவர். இருபத்தைந்து வயதுக்குள் கற்றதை வைத்துக்கொண்டே ஓர் ஆசிரியர் பணிக்காலம் முழுவதையும் ஓட்டிவிடுவதைக் கண்டித்த அக்குழு, உயர்நிலைப் பள்ளிகளிலும் இடைநிலைக் கல்லூரிகளிலும் பணியாற்றுவோருக்குப் பல்கலைக்கழகங்கள் புத்தொளிப் பயிற்சிகளை, அதாவது பாட அறிவைப் புதுப்பிக்கும் குறுகிய கால வகுப்புகளை, நடத்த வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பட்ட வகுப்புகளில் கற்பிப்போர் அப்பரிந்துரையின் எல்லைக்கு வெளியே நின்றனர். அவர்களையும் பயிற்சிக்கு உரியவர்களாகக் கருதிய கோத்தாரி கல்விக் குழு, 1966இல் அளித்த அறிக்கையில், புதிதாகப் பணியேற்கும் விரிவுரையாளர்களுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்றும், பெரிய பல்கலைக்கழகங்கள் தனித்தோ பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்தோ இதற்கெனப் பணியாளர் கல்லூரி ஒன்றை நிலையாக அமைத்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறியது. அந்த யோசனை செயலுக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே தமிழ்நாட்டில் ஆசிரியரின் திறன் வேறொரு கோணத்திலிருந்து சோதனைக்கு உள்ளானது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு முன்னோடி முயற்சியாகத் தொடங்கப்பட்டபோது, பொருளாதாரத்தையும் வரலாற்றையும் ஆங்கிலத்தில் மட்டுமே கற்றிருந்தவர்கள் அவற்றைத் தமிழில் சொல்ல வேண்டியவர்களாயினர். கலைச்சொல், பாடநூல், எடுத்துக்காட்டு என அனைத்தையும் புதிதாகத் தேட வேண்டிய அந்நிலையில் அவர்களுக்குக் கிடைத்த உதவி பெரும்பாலும் அச்சு வடிவில்தான் வந்தது. தமிழ் வெளியீட்டுக் கழகம் கல்லூரிப் பாடநூல்களை வெளியிட்டது, கோவையிலிருந்து ஜி.ஆர். தாமோதரனின் முயற்சியால் வந்த கலைக்கதிர் இதழ் அறிவியல் செய்திகளைத் தமிழில் எழுதும் பழக்கத்தை வளர்த்தது. அந்நூல்களை எழுதியவர்களும் மொழிபெயர்த்தவர்களும் பெரும்பகுதி கல்லூரி ஆசிரியர்களே என்பதால், பாடநூல் எழுதும் பணியே அத்தலைமுறைக்குப் பயிற்சியாகவும் அமைந்தது எனலாம். பின்னாளில் வந்த எந்த முறையான பயிற்சித் திட்டமும் ஆசிரியரிடம் இத்தனை கடின உழைப்பைக் கேட்டதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 1960களில் அறிவியல் ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பயிலரங்குகளை நடத்தத் தொடங்கியது. 1970களில் பணியிலிருந்தபடியே எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வை மேற்கொள்ள ஊதியத்துடன் கூடிய விடுப்பும் உதவித்தொகையும் தரும் ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. இவை பாட அறிவை வளர்த்தன, கற்பித்தலைத் தொடவில்லை. 1978இல் சென்னை லயோலா கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி முதலியவை தன்னாட்சி பெற்றபோதுதான், பல்கலைக்கழகம் அனுப்பிய பாடத்திட்டத்தை நடத்தி முடிப்பதையே வேலையாகக் கொண்டிருந்த ஆசிரியர்கள், பாடத்திட்டம் வகுப்பது, வினாத்தாள் அமைப்பது, பருவந்தோறும் மாணவரை மதிப்பிடுவது ஆகியவற்றைத் தாமே கற்றுக்கொள்ளும் தேவை எழுந்தது.

1986இன் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்துப் பிறந்தவைதான் கல்விப் பணியாளர் கல்லூரிகள். முதற்கட்டமாக 48 பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. பின்னர் அவற்றின் எண்ணிக்கை 66 ஆக உயர்ந்தது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இவை இயங்கின. புதியவர்களுக்கான அறிமுகப் பயிற்சி, ஆசிரியர்கள் அன்றாடம் ‘ஓரியண்டேஷன்’ என்றே சொல்லும் வகுப்பு, நான்கு வாரம் நடந்தது: நாளொன்றுக்கு ஆறு மணி வீதம் 24 வேலை நாட்களில் 144 மணி நேரம். சமூகமும் கல்வியும் கொண்ட உறவு, கல்வித் தத்துவமும் கற்பிக்கும் முறையும், அறிவு வளங்களைப் பயன்படுத்துதல், நிர்வாகமும் ஆளுமை வளர்ச்சியும் என நான்கு பகுதிகளாக அதன் பாடத்திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. புத்தொளிப் பயிற்சியான ‘ரெஃப்ரெஷர்’ மூன்று வாரம், 108 மணி நேரம். முடிவில் தேர்வும் தர மதிப்பீடும் இருந்தன. 50 விழுக்காட்டுக்குக் கீழ் பெற்றவர் ஓராண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் வர வேண்டும் என்பது அன்றைய விதி.

விதியை விட, அங்கே உண்மையில் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. ஊரகக் கல்லூரி ஒன்றில் தன் துறையில் இரண்டு மூன்று பேருடன் மட்டும் பழகிய வேதியியல் விரிவுரையாளர், முதன்முறையாக நாற்பது சக ஆசிரியர்களுடன் ஒரே அறையில் மாணவராக அமர்ந்தார்; அறிமுகப் பயிற்சியில் துறை வேறுபாடின்றி எல்லோரும் கலந்திருந்தமையால், கணக்கு ஆசிரியர் நடத்திக் காட்டும் மாதிரி வகுப்பைத் தமிழாசிரியரும் வணிகவியல் ஆசிரியரும் பின்வரிசையிலிருந்து பார்த்துக் குறைநிறை சொல்லும் வாய்ப்பும் ஏற்பட்டது. வருகைதரு பேராசிரியர்களின் உரைகளில் பல எந்தக் கருத்தரங்கிலும் கேட்கக்கூடியவையே. ஆனால் விடுதி அறையிலும் தேநீர் இடைவேளையிலும் நடந்த பேச்சுக்கு, கல்லூரி ஆசிரியரின் பணி வாழ்வில் அதுவரை இடமே இருந்ததில்லை.

எனினும் இக்கல்லூரிகள் பிறந்த நேரமே அவற்றின் போக்கையும் தீர்மானித்துவிட்டது. புதிய ஊதிய விகிதங்களுக்காக 1987இல் நாடெங்கும் கல்லூரி ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்ததைத் தொடர்ந்து, 1988இல் நடுவண் அரசு அறிவித்த ஊதியத் திட்டம் பதவி உயர்வுக்குப் பயிற்சியை ஒரு நிபந்தனையாக்கியது. 1998இன் திருத்தத்தில் அது இன்னும் தெளிவாயிற்று: முதுநிலை விரிவுரையாளராவதற்குப் பணி ஆண்டுகளுடன் ஓர் அறிமுகப் பயிற்சியும் ஒரு புத்தொளிப் பயிற்சியும், அடுத்த படிநிலைக்கு மேலும் இரண்டு புத்தொளிப் பயிற்சிகளும் வேண்டும். ஊதியத்தோடு பிணைத்திராவிட்டால் பெரும்பாலோர் பயிற்சிக்கு வந்தே இருக்க மாட்டார்கள் என்பது உண்மையே. பிணைத்ததால் வந்தவர்களின் கண் சான்றிதழின் மீதே இருந்தது என்பதும் அதே அளவு உண்மை. இடங்கள் குறைவாகவும் விண்ணப்பங்கள் மிகுதியாகவும் இருந்ததால், பயிற்சியை முடிப்பதற்கான கடைசி நாளை மானியக் குழு பலமுறை தள்ளிவைக்க நேர்ந்தது. கடைசியில் அது 2018 டிசம்பர் 31 வரை நீண்டது. அவ்வாறு நீட்டிக்கப்பட்டபோதெல்லாம், உரிய ஆண்டில் முடிக்காத பயிற்சியை ஆண்டுகள் கழித்து முடித்துவிட்டு, முன்தேதியிட்டுப் பதவி உயர்வு கோரும் கோப்புகள் அலுவலக மேசைகளில் குவிந்தன. 2010ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகள் ஒரு படி மேலே சென்று, இரண்டு வாரப் பயிற்சிக்கு 20 புள்ளி, ஒரு வாரப் பயிற்சிக்கு 10 புள்ளி என விலை குறித்தன. புள்ளிக்காகவே நடத்தப்படும் பயிலரங்குகளும் அதன்பின் பெருகின.

நுழைவாயிலில் வைத்த காவலும் ஏறக்குறைய இதே காலத்தது. 1989 டிசம்பரில் முதன்முதலாக நடந்த ‘நெட்’ எனும் தேசியத் தகுதித் தேர்வும், மாநில அளவில் அதற்கு இணையான ‘ஸ்லெட்’ தேர்வும் விரிவுரையாளர் பணிக்குக் குறைந்தபட்சத் தகுதியாயின. எம்.ஃபில். பெற்றவருக்கு விலக்கு, பிஎச்.டி. பெற்றவருக்கு விலக்கு, பின்னர் விலக்கு நீக்கம் என விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. 2018இல் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்குப் பிஎச்.டி. கட்டாயம் என அறிவிக்கப்பட்டு, நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போய், 2023இல் அக்கட்டாயமே கைவிடப்பட்டது. முப்பதாண்டுக்கும் மேலாக நடந்த இத்திருத்தங்கள் எல்லாம் எந்தப் பட்டம் போதும் என்பதைப் பற்றியவை. வேலைக்கு வருபவர் ஒரு வகுப்பை நடத்திக் காட்ட வேண்டுமா என்பது அவற்றில் மையக் கேள்வியாக எழவே இல்லை.

2015இல் கல்விப் பணியாளர் கல்லூரிகள் மனிதவள மேம்பாட்டு மையங்களாயின. 2023 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின்கீழ் அவை மீண்டும் பெயர் மாறி, எண்ணிக்கையில் 111 ஆக விரிந்தன. பயிற்சியின் பெரும்பகுதி இணையவழிக்குச் சென்றது. விடுதியும் பயணப்படியும் தேவைப்படாததால் இடப்பற்றாக்குறை நீங்கியது. துறை கலந்த நாற்பது பேர் ஒரே அறையில் இருந்த சூழலும் அதோடு போயிற்று. தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்தும் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களின் நிலையோ இவ்வரலாறு நெடுகிலும் ஓரத்திலேயே நின்றுவிட்டது. மூன்று கல்வியாண்டுகள் பணியாற்றிய தற்காலிக ஆசிரியர்களும் பயிற்சியில் சேரலாம் என்று பழைய வழிகாட்டு விதிகளே அனுமதித்திருந்தன. ஆனால், பதவி உயர்வு என்பதே இல்லாத ஒருவருக்கு, பதவி உயர்வை மையமாக வைத்து அமைக்கப்பட்ட அந்தப் பயிற்சி எதற்குப் பயன்படும் என்பதை எந்த விதியும் சொல்லவில்லை.