பழைய செய்நிரலும் புதிய தொகுப்பானும்

கணினியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பொறிகளின் வளர்ச்சியையே விரித்துரைப்பர். அப்பொறிகளுக்கென எழுதப்பட்ட செய்நிரல்கள் ஒரு பொறியினின்றும் மற்றொன்றிற்குக் குடிபெயர்ந்த வரலாறு அத்துணை கவனிக்கப்பெற்றிலது. மனிதர் எழுதும் நிரலைப் பொறி அறியும் வடிவாக மாற்றித் தருவது தொகுப்பான் எனப்படும். தொகுப்பான் மாறின், எழுத்து மாறாதிருப்பவும் பொருள் மாறுதல் கூடும். இதற்குச் சீ மொழியின் இளமைக்காலம் தக்க சான்றாகும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டென்னிஸ் ரிச்சி ஆக்கிய அம்மொழியிலே, 1973இல் யூனிக்ஸ் இயக்கமுறைமையின் கரு மீள எழுதப்பட்டது. அக்காலத்தில், 'அ' என்பதிலிருந்து ஒன்றைக் குறைத்தற்கு "அ=-1" என எழுதினர். அதனையே, "அ என்பதன் மதிப்பு -1 ஆகுக" எனவும் படிக்கலாமன்றோ? இம்மயக்கத்தை ஒழிக்க 1976இல் குறிகளின் வரிசை மாற்றப்பட்டு "அ-=1" என்றாயிற்று. முந்திய வடிவம் பிழையே என ரிச்சி தாமே பின்னாளில் எழுதியமை பாராட்டற்குரியது. ஆயின், பழைய வடிவத்தை முற்றாகக் கைவிட்ட தொகுப்பானும் அப்பழைய வரியைத் தடையின்றி ஏற்கும். 10 என்பது 9 ஆகாது, -1 ஆகிவிடும். வரியை மறுத்து நிற்கும் தொகுப்பானினும், வாய்பேசாது பொருளைத் திரிக்கும் தொகுப்பானே அஞ்சத்தக்கது என்பது எமது கருத்து.

பி.டி.பி.-11 பொறியில் முழுவெண்ணும் நினைவக முகவரியும் ஒருங்கே 16 இரும இலக்கங்கள் கொண்டன. ஆதலின், நிரலாளர் ஒன்றை மற்றொன்றாகக் கையாளத் தயங்கிலர். 1977 அளவில் யூனிக்ஸை 32 இலக்க இன்டர்டேட்டா 8/32 பொறிக்குக் கொண்டுசென்றபோது இப்பழக்கம் இடர் விளைத்தது. ஸ்டீபன் ஜோன்சன், வேறு பொறிகளுக்கு எளிதில் இசைவிக்கத்தக்க தொகுப்பானொன்றை ஆக்கினார். ஐயத்திற்கிடமான வரிகளைச் சுட்டும் 'லின்ட்' என்னும் கருவியையும் அளித்தார். ஆடையில் ஒட்டும் பஞ்சுத்துகள் என்பதே அப்பெயரின் பொருள். பழைய "=-" வடிவத்தையும் அது கண்டித்தது.

1989இல் அமெரிக்க நியமம் தோன்றியபின்னரும் பழைய வழக்குகள் பல பொறுத்துக்கொள்ளப்பட்டன. முன்னறிவிப்பின்றி ஒரு சார்பை அழைப்பின், அது முழுவெண்ணையே தருமெனத் தொகுப்பான் கொள்ளும். முகவரி 64 இலக்கமாயும் முழுவெண் 32 இலக்கமாயும் உள்ள இக்காலப் பொறிகளில், அவ்வாறு பெறும் முகவரி பாதி இழக்கப்படலாம். 2024இல் வெளிவந்த ஜி.சி.சி. 14 இவ்வழக்கைப் பிழையென விலக்கிற்று. 1989ஆம் ஆண்டு நியமப்படி தொகுக்குமாறு அதனைப் பணிப்பது ஒரு வழி. விடுபட்ட அறிவிப்புகளை நிரலிற் சேர்ப்பது மற்றொன்று. முன்னது ஒரு கட்டளையில் முடியும். பாதி இழந்த முகவரியோ அவ்வாறே கிடக்கும்.