சேலம் விமான நிலைய விரிவாக்கம்

சேலம் மாவட்டம் ஓமலூரை அடுத்த கமலாபுரத்தில் உள்ள சிறிய விமான நிலையத்தை, ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஜெட் விமானங்கள் வந்துபோகும் நிலையமாக வளர்க்கும் திட்டமே சேலம் விமான நிலைய விரிவாக்கம். கமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஆகிய நான்கு ஊர்களில் ஏறத்தாழ 570 ஏக்கர் நிலம் எடுக்க 2018-இல் அரசு முனைந்தபோது இத்திட்டம் தமிழகம் முழுவதும் பேசப்பட்டது. ஓடுபாதை, முனையம், கட்டணம் என்று எந்தப் பக்கம் தொட்டாலும் பேச்சு கடைசியில் நிலத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே இக்கட்டுரையிலும் நிலத்துக்கே அதிக இடம்.

இருப்பிடம்

நிலையம் சேலம் நகருக்கு வடமேற்கில், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. மேட்டூர், தருமபுரிக்காரர்களுக்கு அது பக்கம். மாவட்டத்தின் கிழக்குப் பாதிக்கு அப்படி இல்லை. அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஆத்தூர் ஆட்கள் நகரைக் கடந்தோ சுற்றியோ கருப்பூர் வழியாக வந்து சேர வேண்டும். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து விமானம் பிடிக்கப் புறப்படுபவர் சாலையில் செலவழிக்கும் நேரம், சென்னைக்கு வானில் செலவழிக்கும் நேரத்துக்கு ஏறக்குறையச் சமம். விமான நிலையத்தின் பயணிகள் வட்டத்தைக் கணிக்கும்போது வரைபடத்தில் வட்டம் போடுவது எளிது. சாலையில் ஆகும் நேரம்தான் உண்மையான அளவு.

நிலையம் 1993-இல் திறக்கப்பட்டது. ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர், அதாவது சுமார் 6,000 அடி. அகலம் 30 மீட்டர். எழுபது, எண்பது பேர் அமரும் ஏ.டி.ஆர். வகை விசிறி விமானத்துக்கு இது தாராளம். இரும்பாலையும் வெள்ளிக் கொலுசும் ஜவ்வரிசியும் ஜவுளியும் உள்ள ஊருக்கு, முட்டையும் லாரியும் உள்ள நாமக்கல்லுக்கு, விமானம் வந்தால் போதும், ஆள் தானாக ஏறுவார்கள் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட நிலையம் இது.

விட்டு விட்டு ஓடிய சேவை

அந்த நம்பிக்கை பலமுறை முறிந்தது. தொடக்கத்தில் வந்த என்.இ.பி.சி. நிறுவனம் போதிய பயணிகள் இல்லாமல் விலகியது. பிறகு நெடுங்காலம் ஓடுபாதை வெறுமனே கிடந்தது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்கு ஏ.டி.ஆர். விமானம் விட்டது, அதுவும் நீடிக்கவில்லை. அந்த நிறுவனமே 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்திவிட்டது. 2018 மார்ச் 25-ஆம் நாள் ட்ரூஜெட் சென்னைச் சேவையைத் தொடங்கியது. 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூரு, கொச்சித் தடத்திலும் இண்டிகோ சென்னை, ஐதராபாத் தடங்களிலும் வந்தபோது நிலையத்துக்கு மீண்டும் உயிர் வந்தது.

சேவை நின்றதற்கெல்லாம் ஆள் ஏறாததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கிங்ஃபிஷர் தன் கடனில் மூழ்கியது. ட்ரூஜெட் பெருந்தொற்றிலும் பணத்தட்டுப்பாட்டிலும் சிக்கியது. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும் சிறு நிலையம், அந்த நிறுவனத்துக்குக் காய்ச்சல் வந்தால் தானும் படுத்துவிடும். விரிவாக்கத்துக்கு எதிராக இந்த வரலாற்றைக் காட்டுவோரும் உண்டு, ஆதரவாகக் காட்டுவோரும் உண்டு. பெரிய ஓடுபாதை இருந்தால் ஏ.டி.ஆர். வைத்திருக்கும் ஒன்றிரண்டு நிறுவனங்களை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பது இரண்டாம் தரப்பின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

உடான் திட்டம்

2018-இல் விமானம் திரும்பி வந்ததற்குக் காரணம் உடான் என்னும் மண்டல விமான இணைப்புத் திட்டம். 2016-ஆம் ஆண்டின் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கையிலிருந்து பிறந்தது இது. முதல் விமானம் 2017 ஏப்ரல் 27-இல் சிம்லா–டெல்லி தடத்தில் பறந்தது. சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு ரூ.2,500 என்று தொடக்கத்தில் கட்டண வரம்பு வைத்தார்கள். விமானத்தின் இருக்கைகளில் ஒரு பகுதியை இந்த வரம்புக்குள் விற்க வேண்டும். அதனால் வரும் இழப்பை ஈடுகட்ட மூன்று ஆண்டுகளுக்கு மானியம் கிடைக்கும். பெரிய நகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்களிடம் வசூலிக்கும் தீர்வையிலிருந்து 80 விழுக்காடும், மாநில அரசிடமிருந்து 20 விழுக்காடும் அந்த மானியத்துக்கு வருகின்றன. அதாவது சென்னை–டெல்லி விமானத்தில் போகும் பயணி, கமலாபுரத்தில் இறங்கும் விமானத்துக்கும் ஒரு சிறு பங்கு கொடுக்கிறார்.

மாநிலத்தின் பொறுப்பு அந்த இருபது விழுக்காட்டோடு முடியவில்லை. விரிவாக்கத்துக்கு நிலத்தை இலவசமாகத் தர வேண்டும்; காவலும் தீயணைப்பும் கட்டணமின்றித் தர வேண்டும்; மின்சாரமும் தண்ணீரும் சலுகை விலையில் தர வேண்டும்; இத்திட்ட விமானங்கள் நிரப்பும் எரிபொருளுக்கு மதிப்புக்கூட்டு வரியை ஒரு விழுக்காடாகக் குறைக்க வேண்டும். தமிழகத்தில் விமான எரிபொருளுக்கான வழக்கமான வரி 29 விழுக்காடாக இருந்த காலம் அது. ஒரு நிறுவனம் சேலத்தில் எரிபொருள் நிரப்ப ஆசைப்பட்டதற்கு இந்த ஒரு வரிச் சலுகையே பெரிய காரணம்.

மூன்றாண்டு மானியம் முடியும் நாள்தான் சோதனை நாள். அமெரிக்காவில் 1978-இல் விமானத் துறையின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது சிறு ஊர்களுக்காக இதே போன்ற மானியம் ஒன்றைத் தொடங்கினார்கள்; பத்தாண்டுக்கென்று நினைத்துத் தொடங்கியது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மானியத்தின் காலில் நிற்கும் தடம் தானாக நடக்கப் பழகுவது அரிது என்பதற்கு அது நல்ல சான்று.

570 ஏக்கர் எதற்கு

இருக்கும் நிலையம் இருநூறு ஏக்கருக்கும் குறைவான இடத்தில் அடங்கியிருக்க, அதைப்போல் பல மடங்கு நிலத்தை ஏன் கேட்கிறார்கள் என்ற கேள்வி நான்கு ஊர்களிலும் எழுந்தது. பதில் பொறியியலில் இருக்கிறது. அதை ஊர் மக்களுக்கு யாரும் பொறுமையாக உட்கார்ந்து விளக்கியதாகத் தெரியவில்லை.

கடல் மட்டத்தில், 15 டிகிரி குளிர்ச்சியில், ஒரு ஜெட் விமானத்துக்கு 1,800 மீட்டர் ஓடுபாதை போதும் என்று வைத்துக்கொள்வோம். சேலம் நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 300 மீட்டரில் இருக்கிறது. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் கணக்கு முறைப்படி ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் நீளத்தில் 7 விழுக்காடு கூட்ட வேண்டும்: 1,926 மீட்டர். அடுத்தது வெயில். அந்த உயரத்தின் தர வெப்பநிலை 13 டிகிரி. கோடையின் உச்ச மாதத்தில் சேலத்தில் பகல் வெப்பம் சராசரியாக 37 டிகிரி என்று கொண்டால், மிகுதியான ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு விழுக்காடு கூட்டி, 24 விழுக்காடு. நீளம் 2,388 மீட்டராகிறது. கிட்டத்தட்ட 8,000 அடி. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்க விமானம் இன்னும் வேகமாக, இன்னும் நீளமாக ஓட வேண்டும். சேலத்தின் உயரமும் சித்திரை வெயிலும் சேர்ந்து இப்படி ஏறத்தாழ அறுநூறு மீட்டர் நிலத்தைக் கேட்கின்றன என்றால் மிகையில்லை.

கருவிகளின் வழிகாட்டுதலில் இறங்கும் ஓடுபாதையைச் சுற்றி, தடையேதும் இல்லாத சமதரைப் பட்டை வேண்டும்: நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 140 மீட்டர், இரு முனைகளிலும் 60 மீட்டர். 2,400 மீட்டர் ஓடுபாதைக்குக் கணக்குப் போட்டால் இந்தப் பட்டை மட்டுமே 174 ஏக்கர். அதற்கப்பால் விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடிவிட்டால் நிற்க, முனைக்கு 240 மீட்டர் பாதுகாப்புப் பரப்பு. அதற்கும் அப்பால் 900 மீட்டர் வரை நீளும் வழிகாட்டு விளக்கு வரிசை. பிறகு விமானம் நிறுத்துமிடம், இணைப்புப் பாதை, முனையம், எரிபொருள் கிடங்கு, வாகன நிறுத்தம். கிழக்கே சேர்வராயன் மலையும் தெற்கே கஞ்சமலையும் நிற்பதால் ஓடுபாதையை நினைத்த பக்கம் திருப்பவும் முடியாது.

இவ்வளவையும் கூட்டினாலும் 570 என்ற எண் தானாக வந்துவிடாது. அதில் எதிர்காலச் சரக்கு முனையமும் வணிக இடங்களும் கலந்தே இருக்கும். எந்த ஏக்கர் எந்தப் பயனுக்கு என்று சர்வே எண் வாரியாகப் பிரித்துக் காட்டியிருந்தால், பாதுகாப்புக்காகத் தவிர்க்க முடியாத நிலம் எது, வசதிக்காகக் கேட்கும் நிலம் எது என்று பேச்சு நடத்தியிருக்கலாம்.

நிலம்

முதல் விமான நிலையத்துக்கு இடம் தந்த கமலாபுரமே மறுபடி நிலம் கேட்கப்பட்ட ஊர்களில் முதலாவதாக நின்றது. மரவள்ளி, நிலக்கடலை, சோளம், பூ, தென்னை என்று கிணற்றுப் பாசனத்தில் நடக்கும் சிறு விவசாயம் அங்கே. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களே மிகுதி. அத்தகைய நிலத்தில் கிணறு ஒரு சர்வே எண்ணிலும் தோட்டம் மறு எண்ணிலும் இருக்கும். கிணறுள்ள துண்டு எல்லைக்கல்லுக்கு உள்ளே போய்விட்டால், வெளியே மிஞ்சிய அரை ஏக்கர் காகிதத்தில் நிலம், கையில் தரிசு. மரத்துக்கு விலை உண்டு, கிணற்றுக்கு விலை உண்டு. கிணறு இழந்த மிச்ச நிலத்தின் நட்டத்தைச் சட்டப்படி கேட்டுப் பெறலாம் என்றாலும், அதைக் கேட்டு எழுத ஒரு வக்கீல் வேண்டும்.

2018 கோடையில் மாவட்டத்தின் மறுபுறத்தில், அயோத்தியாப்பட்டணம் பகுதி வழியாக, சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கும் கல் நட்டார்கள். 277 கிலோமீட்டர் நீளத்துக்கு, ரூ.10,000 கோடி மதிப்பில் அறிவிக்கப்பட்ட பசுமைவழிச் சாலை அது. ஒரே மாவட்டத்தில் மேற்கே விமான நிலையம், கிழக்கே சாலை. இரண்டுக்கும் ஒரே வருவாய்த்துறை, ஒரே காவல்துறை. எதிர்ப்பும் ஒன்றோடொன்று கலந்தது. அந்த ஜூன் மாதம் நடிகர் மன்சூர் அலிகானும் சூழலியல் செயற்பாட்டாளர் பியூஷ் மானுஷும் கைது செய்யப்பட்டனர். சாலை வழக்கில் 2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் அறிவிக்கைகள் செல்லும் என்றும், சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பிறகே மேலே போகலாம் என்றும் தீர்ப்பளித்தது.

இத்தகைய பணிகளுக்குத் தமிழக அரசு கையிலெடுக்கக்கூடிய சட்டங்கள் இரண்டு. ஒன்று நடுவண் அரசின் 2013 நில எடுப்புச் சட்டம். இதில் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம். மற்றொன்று மாநிலத்தின் 1997 தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம். இதில் அந்த மதிப்பீடு இல்லை. இரண்டாவது சட்டத்தை மீட்டெடுத்த 2019 சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29-இல் ஏற்றுக்கொண்டது. இழப்பீட்டுக்கு அடிப்படை சந்தை மதிப்பு. அதைக் கண்டறிய வழிகாட்டி மதிப்பும் பக்கத்து நிலங்களின் கிரயப் பத்திரங்களும் அளவுகோல். தமிழக அரசு 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்திருந்தது. பத்திரச் செலவைக் குறைப்பதற்காகச் செய்த அந்த மாற்றம், அடுத்த ஆண்டே நிலம் இழக்க இருந்தவர்களின் கணக்கில் வந்து விழுந்தது. பழைய மதிப்பு 2023 ஏப்ரலில்தான் திரும்பியது.

எடுப்பதாகச் சொல்லி எடுக்காமல் விடுவது நேரடியாக எடுப்பதைவிடக் கொடிது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. வரைபடத்தில் வந்துவிட்ட நிலத்தை வாங்க ஆள் வராது. அடமானத்துக்கு வங்கி தயங்கும். புதிதாக ஆழ்துளைக் கிணறு போட உரியவருக்கே மனம் வராது. அந்த ஆண்டுகளின் நட்டம் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் ஏறுவதில்லை. உண்மையில் விரிவாக்கத்துக்கு முதல் முதலீடு செய்திருப்பவர்கள் இந்த நான்கு ஊர்க்காரர்கள்தாம். எல்லையை இறுதி செய்து பணத்தைக் கொடுப்பது, அல்லது பட்டியலிலிருந்து சர்வே எண்களை எழுத்துமூலம் விடுவிப்பது, இரண்டில் ஒன்றைக் காலக்கெடுவோடு செய்வது அரசின் கடமை.

பணம்

நிலம் மாநிலத்துடையது, கட்டுமானம் இந்திய விமான நிலைய ஆணையத்துடையது என்பதே நாட்டில் வழக்கமான பங்கீடு. 1995 ஏப்ரல் 1-இல் உருவான இந்த ஆணையம், லாபம் ஈட்டும் பெரிய நிலையங்களின் வருவாயையும் குத்தகைக்கு விட்ட நிலையங்களின் வாடகையையும் கொண்டு சிறு நிலையங்களைத் தாங்குகிறது. பயணியிடம் மேம்பாட்டுக் கட்டணம் வசூலித்துச் செலவை மீட்கும் வழி சென்னைக்குப் பொருந்தும். ஒரு நாளில் சில விமானங்கள் மட்டும் வரும் நிலையத்தில் அந்தக் கட்டணத்தை ஏற்றினால் வருபவரும் ரயிலுக்குப் போய்விடுவார்.

இந்தப் பங்கீடு எங்கே முட்டிக்கொள்ளும் என்பதற்குக் கோயம்புத்தூர் சான்று. அங்கே 627 ஏக்கர் விரிவாக்கம் 2010-லேயே அறிவிக்கப்பட்டது. ஆயிரம் கோடிக்கு மேல் கொடுத்து மாநிலம் வாங்கித் தரும் நிலத்தில் நிலையத்தைப் பின்னாளில் தனியாருக்கு விட்டால், அந்த வருவாயில் மாநிலத்துக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியில் ஆண்டுகள் ஓடின. 2024-இல்தான் நிலத்தை நிபந்தனையின்றி ஒப்படைக்க மாநில அரசு இசைந்தது. தூத்துக்குடி வேறு கதை. 1,350 மீட்டர் ஓடுபாதையோடு சேலத்தைவிடச் சிறியதாக இருந்த அந்த நிலையம், 3,115 மீட்டர் ஓடுபாதையும் சுமார் ரூ.450 கோடியில் புதிய முனையமுமாக 2025 ஜூலை 26-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே பல ஆண்டுகளாகச் சென்னைக்கு நாள்தோறும் ஏ.டி.ஆர். விமானங்கள் போய்வந்துகொண்டிருந்தன. சேலத்தில் அந்தத் தொடர்ச்சி இப்போதுதான் கூடிவருகிறது.

ஆகவே இருக்கும் ஓடுபாதையிலேயே இரவில் இறங்கும் வசதியைக் கொண்டுவருவது, வணிகர் சங்கங்கள் கேட்பதுபோல் காலையில் போய் இரவில் திரும்பும் நேர அட்டவணையை அமைப்பது ஆகியவை முதல் கட்டமாக வர வேண்டியவை. 2023 ஏப்ரல் 8 முதல் சேலத்தில் நின்று செல்லும் வந்தே பாரத் ரயிலும், இரவில் ஏறினால் அதிகாலையில் சென்னையில் இறக்கிவிடும் ஏற்காடு எக்ஸ்பிரஸும் இருக்கும் தடத்தில், பகல் நடுவே பறக்கும் ஒரு விமானம் வியாபாரிக்கு ஒரு நாளை மிச்சப்படுத்தாது.

ஓசூரின் நிழல்

2024 ஜூன் 27-இல் சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். பெங்களூரு விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு நிலையத்தை அனுமதிப்பதில்லை என்ற ஒப்பந்தம் அதற்குத் தடையாக இருக்கிறது. தடை நீங்கி ஓசூர் எழுந்தால் கிருஷ்ணகிரியும் தருமபுரியில் பெரும்பகுதியும் அங்கே திரும்பிவிடும். ஈரோட்டுக்குக் கோயம்புத்தூர் பக்கம். நாமக்கல்லின் தென்பகுதிக்குத் திருச்சி பக்கம், அங்கே ரூ.1,100 கோடிக்கு மேல் செலவில் கட்டிய புதிய முனையம் 2024-இலேயே திறந்தாகிவிட்டது. சேலத்துக்கு மிஞ்சுவது நகரமும், ராசிபுரம், சங்ககிரி, மேட்டூர், அயோத்தியாப்பட்டணம், ஆத்தூர் வட்டாரங்களும். கமலாபுரம் ஓடுபாதை எத்தனை மீட்டர், நான்கு ஊர்களில் எத்தனை ஏக்கர் என்பதை இந்த வட்டாரங்களின் பயணிகள் எண்ணிக்கையை வைத்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கும். 2018-இல் போட்ட எல்லைக்கோடு ஓசூர் அறிவிப்புக்கு ஆறாண்டு முந்தையது.